எந்த ராஜ்யத்தில் புல் பசுமை?

சென்ற வாரம் காரியாலயத்துக்கு வந்த கடிதங்களில் ஒன்று என்னைத் திக்குமுக்காட வைத்துவிட்டது. இந்தப் பகுதிக்கு எப்படிப்பட்ட கேள்விகள் வரும் என்று உங்களுக்குத் தெரியும். பட்டுப் புடவையில் எண்ணெய்க் கறை பட்டால் என்ன செய்வது, பத்து வயதுப் பையனுக்குக் கண்ணாடி போடலாமா என்றெல்லாம் கேட்பீர்கள். நானும் நாலு பேரை விசாரித்து, தெரிந்ததைச் சொல்லித் தப்பித்துக் கொள்வேன். ஆனால் இந்த வாசகி கேட்டிருப்பதைப் பாருங்கள்:

"என் மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் உத்தியோகம். 'எங்களுக்கு எத்தனையோ ராஜ்யங்களில் கிளை இருக்கிறது. எங்கே வேண்டுமோ கேட்டு வாங்கிக்கொள்' என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். அவருக்கோ கோல்ப் பைத்தியம். எந்த ராஜ்யத்தில் கோல்ப் உசத்தி என்று தெரியாமல் இரண்டு மாதமாகத் தவிக்கிறார். நீங்களாவது சொல்லுங்களேன்!"

கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: "பி.கு. என் பெண்ணும் இப்போது ஆடக் கற்றுக்கொள்கிறாள்."

முதல் தடவை படித்தபோது இந்தப் பி.கு.வை நான் லட்சியமே செய்யவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு ராஜ்யத்தைத் தேடிக் கிளம்பிவிட்டேன். நான் கையில் பிடித்துப் பழகிய தடி குடை ஒன்றுதான் என்றாலும், எடுத்த காரியத்தை விடலாமா?

கோல்ப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் புல்வெளி. அதில் நாலேகால் அங்குல அகலத்தில் ஒரு குழி. சின்ன எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வெள்ளைப் பந்து. அதை எங்கோ தூரத்திலிருந்து தடியால் அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழியில் தள்ள வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். எவ்வளவுக்கெவ்வளவு குறைந்த அடிகளில் முடிக்கிறீர்களோ அவ்வளவுக்கவ்வளவு கெட்டிக்காரர். முடிக்க நாலு மணி நேரம் ஆகும். நாலைந்து மைல் நடையும் ஆகும். உங்கள் பந்தை வேறு யாரும் தொட மாட்டார்கள். உங்களுக்கு எதிரி நீங்களேதான்!

டென்னிஸ் மைதானம் எந்த ஊரிலும் ஒரே அளவுதான். கோல்ப் மைதானம் அப்படியல்ல. ஒன்று கடற்கரைப் பாறைமீது இருக்கும்; ஒன்று பாலைவனத்தில் இருக்கும்; ஒன்று பைன் மரக்காட்டில் இருக்கும். அமெரிக்காவில் இப்படிச் சுமார் 16,000 மைதானங்கள் இருக்கின்றன. ஆகையால்தான் ஐம்பது ராஜ்யங்களில் எது உசத்தி என்று அங்கே ஓயாத வழக்கு.

யோசித்துப் பார்த்தால், இது நம் வீடுகளில் வரன் பார்க்கிற மாதிரிதான். ஒருவர் சொத்தை எண்ணுவார். ஒருவர் அழகைப் பார்ப்பார். இன்னொருவர் குலப்பெருமையைக் கேட்பார். பெண்ணைப் பெற்றவள் மட்டும் சமையலறைக் கதவருகில் நின்றுகொண்டு, "அதெல்லாம் கிடக்கட்டும், பெண்ணை நன்றாக வைத்துக்கொள்வார்களா?" என்று கேட்பாள். இந்த வரிசையிலேயே நாமும் பார்த்துவிடலாம்.

சொத்தில் முதல் இடம் புளோரிடாவுக்கு. அங்கே 1,200-க்கு மேல் மைதானங்கள். வேறு எந்த ராஜ்யத்திலும் இவ்வளவு கிடையாது. வட ராஜ்யங்களில் பனி மூடிக் கிடக்கும் ஜனவரியில் இங்கே அரைக்கைச் சட்டையோடு ஆடலாம். ஆனால் பூமி தட்டையாக இருக்கும். சுவாரஸ்யத்துக்கு வெட்டிய குளங்களில் சில சமயம் முதலை படுத்திருக்கும். கோடையில் பிற்பகலானால் இடியும் மின்னலும் வந்துவிடும். எல்லோரும் தடிகளைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். அதோடு, பல மைதானங்கள் வீட்டுக் காலனிகளின் மதிலுக்குள்ளே இருக்கின்றன. அங்கத்தினர் அல்லாதவர்கள் எட்டித்தான் பார்க்கலாம்.

குளிருக்குப் பயந்தவர்களுக்கு இன்னொரு ராஜ்யம் அரிஜோனா. பாலைவனத்தின் நடுவே, ஆளுயரக் கள்ளிகளுக்கு மத்தியில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் மைதானங்கள். கோடையில் ஒரு வகைப் புல். குளிர்காலத்தில் அது பழுத்துவிடும் என்று அதன்மேல் இன்னொரு வகைப் புல் விதைக்கிறார்கள். இத்தனைக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அந்த ஊர்க்காரர்களுக்கே பெருங்கவலை. குடமும் கையுமாகக் குழாயடியில் நின்றவர்களுக்கு அந்தப் பசுமையைப் பார்த்தால் கொஞ்சம் மனசு உறுத்தத்தான் செய்யும்.

அழகில் முதல் இடம் கலிபோர்னியாவுக்கு என்று பலரும் சொல்வார்கள். பசிபிக் சமுத்திரத்தின் ஓரமாகப் பெபிள் பீச் என்று ஒரு மைதானம். ஜாக் நெவில், டக்ளஸ் கிராண்ட் என்ற இரண்டு பேர் அமைத்து 1919-ல் திறந்தது. பாறை விளிம்பில் நின்று பந்தை அடிக்க வேண்டும். தவறினால் சமுத்திர ராஜனுக்கு அர்ப்பணம்! இதில் ஒரு நல்ல சேதி, பணம் கொடுத்தால் யாரும் ஆடலாம். கெட்ட சேதி, பணம் என்பது ஒருவருக்கு ஒரு தடவைக்கு 600 டாலருக்கு மேல். கணவனும் மனைவியும் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பெபிள் பீச்சைப்பற்றி இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவின் பெரிய பந்தயமான 'யு.எஸ். ஓப்பன்' அங்கே முதல் முதலாக 1972-ல் நடந்தது. அப்புறம் 1982, 1992, 2000, 2010, 2019 என்று ஆறு தடவை ஆண்கள் ஆடிவிட்டார்கள். பெண்களின் 'ஓப்பன்' 1946 முதல் நடக்கிறது. அது பெபிள் பீச்சுக்கு வந்தது எப்போது தெரியுமா? 2023-ல்! ஹவாயிலிருந்து வந்த அலிஸன் கார்ப்பஸ் என்ற பெண் அந்த வருஷம் ஜயித்தாள். சமுத்திரம் அங்கேயேதான் இருந்தது, மைதானமும் அங்கேயேதான் இருந்தது. கதவு திறக்கத்தான் அத்தனை நாள் ஆயிற்று.

அழகுக்கு இன்னொரு பெயர் ஆரிகன். அதன் தென்கடற்கரையில், பாண்டன் என்ற மூலையில், வாழ்த்து அட்டை வியாபாரத்தில் பணம் சேர்த்த மைக் கெய்ஸர் என்பவர் 1999-ல் ஒரு மைதானம் திறந்தார். பிறகு பக்கத்திலேயே இன்னும் பல வந்தன. அங்கே மோட்டார் வண்டியில் உட்கார்ந்து பந்தைத் துரத்தும் வழக்கம் இல்லை. நடந்துதான் ஆட வேண்டும். கடற்காற்று ஆளையே தள்ளும். அந்தக் காற்றில்தான் 2025-ல் பெண்களின் தேசிய அமெச்சூர் பந்தயம் நடந்தது. ஜயித்தது யார் என்கிறீர்கள்? இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த மேகா கன்னே! ஆனால் நம் மாப்பிள்ளைக்கு ஆரிகன் சௌகரியப்படாது. போர்ட்லண்ட் நகரத்தில் வேலை கிடைத்தாலும், பாண்டனுக்குக் காரில் போக நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

குலப்பெருமைக்கு வருவோம். ஜார்ஜியா ராஜ்யத்தில் அகஸ்டா நேஷனல் என்ற கிளப். பழைய நாற்றுப் பண்ணை ஒன்றை மைதானமாக மாற்றியதால், ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடியின் பெயர்: மக்னோலியா, கமேலியா, அஸேலியா என்று. 1934-ல் தொடங்கிய 'மாஸ்டர்ஸ்' பந்தயம் வழக்கமாக ஏப்ரலில் இங்கே நடக்கிறது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் பாலாடைக் கட்டியும் குடமிளகாயும் கலந்து வைத்த ரொட்டியை வெகு காலமாக ஒன்றரை டாலருக்கே விற்கிறார்கள். இந்தக் காலத்தில் இது பிரமாதம்தான். ஆனால் ரொட்டி மலிவு என்றால் வாசலும் விசாலம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே முதல் கறுப்பர் அங்கத்தினரானது 1990-ல். முதல் பெண்கள் அங்கத்தினரானது 2012-ல். அதுவும் யார்? அமெரிக்காவின் அயல்நாட்டு மந்திரியாக இருந்த காண்டலீஸா ரைஸும், பெரிய நிதி நிர்வாகியான டார்லா மூர் அம்மாளும். தேசத்தின் சார்பில் உலக நாடுகளோடு பேசிய பிறகுதான் ஒரு புல்வெளியின் கதவு திறந்தது!

நியூஜெர்ஸி ராஜ்யத்துக் கதை இதைவிட வேடிக்கை. மாரிஸ்டவுன் என்ற ஊரில் 1894-ல் ஒரு கோல்ப் கிளப்பைப் பெண்களே ஆரம்பித்து, பெண்களே நடத்தினார்கள். நன்றாக நடக்கிறது என்று தெரிந்ததும், சில வருஷங்களுக்குள் புருஷர்கள் நிர்வாகத்தைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்டார்கள். அதே ராஜ்யத்தில்தான் பைன் வேலி இருக்கிறது. நாட்டிலேயே முதல் மைதானம் என்று பத்திரிகைகள் வருஷா வருஷம் புகழும் மைதானம் அது. அங்கே நெடுங்காலம் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டும் விருந்தாளியாக வந்து ஆடலாம் என்று விதி. பெண்களையும் அங்கத்தினராகச் சேர்க்கலாம் என்று தீர்மானித்தது 2021-ல்தான். மேகா கன்னே பிறந்த ராஜ்யமும் நியூஜெர்ஸிதான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தக் கதையின் ருசி இன்னும் கூடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தப் பி.கு. ஞாபகம் வந்தது. கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். "என் பெண்ணும் இப்போது ஆடக் கற்றுக்கொள்கிறாள்." அடடா! சமையலறைக் கதவருகில் நின்று தாயார் கேட்ட கேள்வி இதுதானே? அதை அல்லவா நான் காதில் வாங்காமல் போய்விட்டேன்!

புருஷன் மைதானமே கதி என்று கிடந்தால், வீட்டில் தனியாக இருக்கும் மனைவிக்கு அமெரிக்காவில் 'கோல்ப் விதவை' என்று கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் இந்த வார்த்தையை விளையாட்டுக்குக்கூட வாயால் சொல்ல மாட்டோம். ஆனால் விஷயம் என்னவோ உண்மை. சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை தடிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், திரும்ப மத்தியானச் சாப்பாட்டு வேளை ஆகிவிடும். தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஊரில் அந்தப் பெண் என்ன செய்வாள்?

இதற்கு ஒரு பெண் கண்டுபிடித்த விடையைச் சொல்கிறேன், கேளுங்கள். இண்டியானா ராஜ்யத்தில் கேரி என்று ஓர் இரும்பாலை நகரம். அங்கே ஆன் கிரெகரி என்று ஒரு கறுப்பின மாது. அவள் கணவன் ஓயாமல் கோல்ப் ஆடப் போய்விடுவான்; அவளுக்கு அது மனக்குறை. இரண்டாவது உலக யுத்தத்தில் கணவன் கடற்படைக்குப் போனான். அவன் இல்லாத நாட்களில் அவளே தடியை எடுத்து ஆடக் கற்றுக்கொண்டாள்! 1956-ல் பெண்களின் தேசிய அமெச்சூர் பந்தயத்தில் ஆடிய முதல் கறுப்பினப் பெண் அவள்தான். 1959-ல் மேரிலாண்ட் ராஜ்யத்தில் அதே பந்தயம் நடந்தபோது, ஆட்டக்காரிகளுக்கு வைத்த விருந்தில் அவளுக்கு மட்டும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் வேறிடத்தில் சாப்பிட்டுவிட்டுப் படுத்து, மறுநாள் வந்து ஆடினாள்.

சொந்த ஊரிலும் இதே கதைதான். நகரத்துப் பூங்காவில் வெள்ளையர்களுக்குப் பதினெட்டுக் குழி மைதானம். கறுப்பர்களுக்கு ஒன்பது குழிச் சின்ன மைதானம். 1960-களின் தொடக்கத்தில் ஒரு நாள் அவள் நேரே பெரிய மைதானத்துக்குப் போனாள். கட்டணத்தை மேஜைமேல் வைத்தாள். தன் வரிப்பணத்திலும்தான் இந்த மைதானம் நடக்கிறது என்று சொல்லிவிட்டு ஆடப் போய்விட்டாள். ஒருவரும் தடுக்கவில்லை.

இதைப் படித்தபின் என் தராசு மாறிவிட்டது. எந்த ராஜ்யத்தில் புல் பசுமை என்பதல்ல கேள்வி. எந்த ராஜ்யத்தில் அந்தப் பெண் கட்டணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, யாரிடமும் சிபார்சு கேட்காமல் உள்ளே போகலாம் என்பதுதான் கேள்வி. சந்தோஷமான சமாசாரம், இன்று அமெரிக்க மைதானங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு பொதுமக்களுக்குத் திறந்தவை. ஆடுகிறவர்களிலும் கால் பங்குக்கு மேல் பெண்கள். இந்தத் தராசில் மூன்று ராஜ்யங்கள் முன்னே வருகின்றன.

மூன்றாவது இடம் மிச்சிகனுக்கு. பொதுமக்களுக்குத் திறந்த மைதானங்கள் மலிந்த ராஜ்யம். குளிர்காலத்தில் பனி கொட்டிவிடும், ஆட முடியாது, அது குறைதான். ஆனால் ஜூன் மாதத்தில் வடக்குப் பக்கத்து ஊர்களில் இரவு ஒன்பதரை மணி வரையில் சூரியன் மறைவதில்லை! ஆபீஸிலிருந்து வந்து, காபி சாப்பிட்டு, இரண்டு பேருமாகப் போய் ஒன்பது குழி ஆடிவிட்டு வெளிச்சத்திலேயே வீடு திரும்பலாம்.

இரண்டாவது இடம் நியூயார்க்குக்கு. அங்கே ஷினகாக் ஹில்ஸ் என்ற பழைய கிளப் 1891-லேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பமானது. ஆனாலும் அது தனவந்தர்களின் கிளப். நான் சொல்ல வந்தது பெத்பேஜ். ராஜ்ய சர்க்காருக்கே சொந்தமான பூங்கா. ஐந்து மைதானங்கள். அவற்றில் 'பிளாக்' என்ற மைதானம் படு கஷ்டம். நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் மட்டும் வாருங்கள் என்று வாசலிலேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். 2002-ல் யு.எஸ். ஓப்பன் நடந்த இந்த மைதானத்தில் அந்த ராஜ்யவாசிகள் நூறு டாலருக்குள் ஆடலாம். அதற்கு இடம் பிடிக்க, ராத்திரியே வந்து காரில் படுத்துத் தூங்குகிறவர்கள் உண்டு. கியூவில் நிற்கத் தெரிந்த நமக்கு இது ஒரு கஷ்டமா? முக்கியமான விஷயம், அந்தக் கியூவில் ஆண், பெண், வக்கீல், தச்சர் எல்லோரும் ஒன்றுதான். பெண் கற்றுக்கொள்ள, பக்கத்திலேயே சுலபமான மைதானங்களும் இருக்கின்றன.

முதல் இடம்? என் அபிப்பிராயத்தில் வட கரோலினாவுக்கு. அங்கே பைன்ஹர்ஸ்ட் என்ற ஊர், மணற்பாங்கான பைன் காட்டு நடுவே. அதன் இரண்டாம் நம்பர் மைதானம் 1907-ல் டொனால்ட் ராஸ் அமைத்தது. குழி இருக்கும் இடமெல்லாம் கவிழ்த்து வைத்த தாம்பாளம் மாதிரி. பந்து நிற்காமல் வழுக்கி ஓடும். 2014-ல் அங்கே ஓர் அதிசயம் நடந்தது. ஒரு வாரம் ஆண்களின் ஓப்பன். அடுத்த வாரமே அதே மைதானத்தில் பெண்களின் ஓப்பன். அதே புல், அதே குழி, அதே ஜனக்கூட்டம். ஆண்களில் மார்ட்டின் கைமர் ஜயித்தார்; பெண்களில் மிஷேல் வீ.

அதற்குப் பக்கத்து ஊரிலேயே பைன் நீடில்ஸ் என்ற மைதானம். 1953-ல் பெகி கிர்க் பெல் என்ற ஆட்டக்காரி தன் கணவரோடு சேர்ந்து வாங்கி நடத்தியது. 2016-ல் காலமாகும் வரையில் அந்த அம்மாள் எத்தனையோ பெண்களுக்குத் தாமே கற்றுக் கொடுத்தார். பெண்களின் ஓப்பன் பந்தயம் 1996, 2001, 2007, 2022 என்று நாலு தடவை அவர் வாசலுக்கு வந்தது. பைன்ஹர்ஸ்டிலேயே 2017-ல் 'தொட்டில்' என்று பொருள்படும் பெயரில் ஒன்பது குழிக் குட்டி மைதானம் ஒன்றும் திறந்திருக்கிறார்கள். மொத்தமே 789 கஜம். புதிதாகக் கற்கிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது. புகழ்பெற்ற இரண்டாம் நம்பர் மைதானத்துக்குக் கட்டணம் அதிகம்தான். அது கல்யாண நாளுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே, கடிதம் எழுதிய அம்மாவுக்கு என் பதில்: வட கரோலினாவில் கிளை இருந்தால் அதையே கேட்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நியூயார்க், மிச்சிகன். அதுவும் இல்லாவிட்டால் எந்த ராஜ்யமானாலும், வீடு பார்க்கும் முன் மூன்று விஷயங்களை விசாரிக்கச் சொல்லுங்கள். நகரசபை மைதானம் எத்தனை மைலில் இருக்கிறது? புதிதாகக் கற்கும் பெண்களுக்குப் பாடம் உண்டா? கிளப் என்றால், அங்கத்தினர் புத்தகத்தில் யார் பெயர் எழுதுவார்கள். சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஆடலாமா?

மாப்பிள்ளை எந்த ராஜ்யத்திலும் ஆடிவிடுவார். அவருக்காக ராஜ்யம் தேட வேண்டியதில்லை. உங்கள் பெண் ஆடுவதற்குத்தான் ராஜ்யம் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம், அம்மா. அடுத்த தடவை எனக்குக் கடிதம் எழுதும்போது பெண்ணைப் பற்றிய சேதியைப் பி.கு.வில் போடாதீர்கள். முதல் வரியிலேயே எழுதுங்கள்!